சாமி விலையும் வண்டிக் கணக்கும்

கடலை மண்டியின் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு அன்றைய கடலை விலையை அதில் எழுதுவார்கள். மாலை வரை அதை யாரும் தொடமாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு போவேன். திரும்பி வரும்போதும் அதே எண் இருக்கும். ஒரு நாள் முழுவதும் ஒரு பண்டத்தின் விலை அசையாமல் நிற்குமா என்று எனக்கு முதல் நாளே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணக்கும் கோணமும் படித்தவள் என்ற கர்வம் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய முதல் பருவம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. திருச்சியில் படித்து, சர்க்கார் டெக்னிக்கல் பரீட்சையில் ஜியோமெட்ரிகல் டிராயிங் தேறி, புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தேன். தங்கியிருந்தது அத்தை வீட்டில். அத்தை என் தகப்பனாருடைய தங்கை. கணவர் இறந்த பிறகு, நார்த்தாமலை போகிற சாலையில் மூன்று மைல் தள்ளியிருந்த தோட்டத்தைத் தானே பார்த்துவந்தார்.

அந்தத் தோட்டத்தில் கிணறு ஆழம், மாடுகள் கிழடு. போன கோடையில் கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இழுத்து இழுத்து ஒரு மாடு படுத்துவிட்டது. மிளகாய் முழுவதும் கருகியது. திருமயத்தில் ஓர் அரிசி மில்லில் பெரிய எஞ்சின் வாங்கிவிட்டு, பழைய எண்ணெய் எஞ்சினைப் பம்போடு நானூற்றைம்பது ரூபாய்க்கு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அத்தை போய்ப் பார்த்து வந்தார். தை முடிவதற்குள் பணம் வந்தால் அத்தைக்கு, இல்லையென்றால் அறந்தாங்கியிலிருந்து கேட்டிருக்கும் ஒருவருக்கு என்று மில்காரர் சொல்லிவிட்டார். அத்தையிடம் இருந்தது நூற்று நாற்பது மூட்டைக் கடலை. தரகும் வண்டிக்கூலியும் போக எஞ்சின் வர வேண்டுமானால் மூட்டைக்கு மூன்று ரூபாய் ஆறணா கிடைத்தாக வேண்டும். ஓரணா குறைந்தாலும் அந்தக் கோடையிலும் மிளகாய் கருகும்.

மூட்டைகள் கிடந்தது மண்டி மாமாவின் கிட்டங்கியில். அவர் அத்தையின் கணவருக்குச் சித்தப்பா மகன். மண்டித்தெருவில் பெரிய தரகர். எப்போது விற்கலாம் என்று அத்தை அவரைக் கேட்டால், "இருங்க மதினி, ஏறும்" என்பார். ஏன் ஏறும் என்பதற்கு அவர் அந்த ஒரு மாதத்தில் சொன்ன காரணங்களை என் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். சண்டைக்காரர்களுக்கு எண்ணெய் வேண்டும். கப்பல் வரப்போகிறது. கப்பல் வராது, அதனால் சரக்குக்குக் கிராக்கி. பட்டணத்திலிருந்து தந்தி வந்திருக்கிறது. தந்தி வரவில்லை, வராததே நல்ல அறிகுறி. மண்டியின் கிழக்குச் சுவரில் பல்லி சொன்னது. ஆறாவது காரணத்தைத்தான் அவர் உண்மையில் நம்பினார் என்று நினைக்கிறேன்.

அறியாமைக்கு எதிராக நான் எடுத்த ஆயுதம் கிராஃப். கனமான டிராயிங் தாளில் நானே சதுரம் போட்டேன். ஒரு சதுரம் ஒரு நாள். மேல் நோக்கி ஒரு சதுரம் ஓரணா. மார்கழி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கினேன். பலகையில் மூன்று ரூபாய் ஒன்பதணா. மறுநாள் அதற்கு மேல் அரையணா. அதற்கு மறுநாள் இன்னும் அரையணா. பொங்கல் விடுமுறை தாண்டியும் கோடு அதே சாய்வில் போயிற்று. கீழே இறங்கவே இல்லை. இறங்காத கோட்டைக் கண்டால் படித்த மனிதர் எவரும் பயப்பட வேண்டும். நான் மகிழ்ந்தேன். ஏற்றத்துக்குக் கறுப்பு இந்தியன் மை, நாளுக்குச் சிவப்பு மை என்று அழகு வேறு பார்த்தேன்.

பொங்கல் கழிந்த முதல் சந்தைக்கு அத்தை விற்றுவிடலாம் என்றார்.

"என்ன சொல்லுது ஒங் கோடு?"

"இன்னும் ஏறுது அயித்த. நாலு ரூவாயத் தாண்டட்டும்."

"எனக்கு மூணே ஆறு போதும்த்தா."

"போதும்னு நிறுத்துறதுக்கு இது சோறாங்க? இன்னம் பத்து நாளு பாப்போம்."

அத்தை என் படிப்பை நம்பினார். அந்த நம்பிக்கைக்கு விலை உண்டு, பின்னால் சொல்கிறேன்.

மண்டி மாமா ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் தாளைப் பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். அவர் ஒரு பொருளை அவ்வளவு மரியாதையோடு பார்த்து நான் கண்டதில்லை.

"டீச்சரம்மா, இது நம்ம பலகை வெலையா?"

"ஆமாங்க மாமா."

"இதக் குடுங்க. மண்டியில மாட்டுவோம். சம்சாரிக வந்து பாக்கட்டும். வாய் வலிக்க எத்தன பேருக்குச் சொல்றது."

தினமும் போகிற வழியில் நானே வந்து ஒரு புள்ளி சேர்ப்பது என்று ஏற்பாடு. தாளை லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்கள். வெள்ளிக்கிழமை போனபோது கோட்டின் நுனியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, கொண்டுவந்த மூட்டையை விற்காமல் கிட்டங்கியில் இறக்கிவிட்டுப் போனார்கள். கிட்டங்கி வாடகை மாமாவுக்கு. அவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். தன் சரக்கையும் விற்காமல் வைத்திருந்தார். தான் ஊதிய பலூனைத் தானே தெய்வம் என்று கும்பிடுகிறவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வது அவருடைய அறிவைக் கூட்டிச் சொல்வதாகும்.

என் வகுப்பு ஜன்னல் ஸ்டேஷன் சாலையைப் பார்த்து இருந்தது. பிள்ளைகள் பித்தளைச் செம்பை வரைந்துகொண்டிருக்கும்போது எனக்கு வேலை இராது. மண்டித்தெருவிலிருந்து கடலை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிற வண்டிகளை எண்ணுவேன். எண்ணியதை எழுதி வைக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. விலையை ஒரு தாளிலும் வண்டியை நோட்டிலும் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே சமாசாரத்தின் இரண்டு பாதி என்பது மூன்றாவது வாரம்தான் மண்டையில் ஏறியது. மற்ற நாட்களில் நாலு வண்டி, ஐந்து வண்டி, அது கணக்கில்லை. சந்தை நாள்தான் பெரிய நாள். முதல் சந்தைக்கு முப்பத்தொன்று. அடுத்ததற்கு இருபத்திரண்டு. மூன்றாவதற்குப் பதினாலு.

விலை ஏறுகிறது, சரக்கு நகரவில்லை. ஒரு பண்டத்துக்கு உண்மையில் கிராக்கி என்றால் வாங்குகிறவன் முந்திக்கொள்வான், வண்டி கூடும். வண்டி குறைகிறது என்றால் அந்த விலைக்கு யாரோ வாங்கவில்லை, அல்லது யாரோ விற்கவில்லை. விற்கவில்லை என்பதே காரணம் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கோட்டைப் பார்த்துத்தானே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் பெருமையும் பட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் மண்டி மாமாவை மட்டும் கேலி செய்தவளாவேன்.

மூட்டையில் ஈரம் தட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சனிக்கிழமை அத்தையும் நானும் கிட்டங்கிக்குப் போனோம். எடைக்காரர்தான் திறந்துவிட்டார். இருபது வருஷமாக அந்த மண்டியில் தராசு பிடிக்கிறவர். அத்தை மூட்டைகளுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, நேத்து நாலு ரூவாய்க்கு எத்தன மூட்டை எடை போட்டீங்க?"

"நாலு ரூவாய்க்கா? ஒண்ணு."

"ஒரு வண்டியா?"

"ஒரு மூட்டைங்க. காலையில போணிக்கு. அது சாமி வெலைல்ல."

நான் புரியாமல் நின்றதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. விளக்கினார். காலையில் கடை திறந்ததும் முதல் வியாபாரம், அதாவது போணி, மண்டிக்காரரே சாமி பேரில் ஒரு மூட்டை வாங்குவது. முதல் நாள் போணி விலைக்குக் கீழே போணி செய்யக் கூடாது, செய்தால் தரித்திரம். ஆகவே அரையணா கூட்டித்தான் செய்வார்கள். அந்த விலையைத்தான் பலகையில் எழுதுவது. மத்தியானத்துக்கு மேல் வெளியூர் வியாபாரிகள் வந்து துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்களே, அதுதான் நிஜ விலை. அதை யாரும் எழுதுவதில்லை.

"அப்ப வெலை எறங்கவே எறங்காதா?"

"எறங்காம? அமாவாசைக்குக் கடை அடைப்பு. மறுநா புதுக் கணக்கு. அன்னிக்கு உள்ள வெலைக்கு எறக்கிருவாக. அப்பறம் திரும்ப ஏறும்."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியாம என்னங்க. கண்ணு முன்னாடிதான நடக்குது."

"பெறகு ஏன் எல்லாரும் நாலு ரூவா, நாலு ரூவாங்குறாக?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பலகையில எழுதியிருக்குல்ல."

அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஒற்றை மூட்டையின் விலையை நாளுக்கு ஒரு புள்ளியாக வைத்து, கீழே இறங்க அனுமதியே இல்லாத ஒரு கோட்டை மூன்று வாரம் மையில் வரைந்திருக்கிறேன். டெக்னிக்கல் பரீட்சை சர்ட்டிபிகேட் வீட்டில் பெட்டியில் இருந்தது. நல்லவேளை, சட்டம் போட்டு மாட்டவில்லை.

அன்று மத்தியானமே வீட்டில் மூன்று தாள் போட்டேன். முதலாவது, பழையபடி நாளுக்கு ஒரு சதுரம்: ஏற்றம் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டாவது, அமாவாசைக்கு அமாவாசை ஒரு சதுரம். ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள் பலகையில் என்ன விலை என்பதை எடைக்காரர் விரல்விட்டுச் சொன்னார்: நாலே நாலு, மூணே பதினாலு, மூணே ஒன்பது. மூன்றே புள்ளி, வழுக்குப்பாறை மாதிரி இறக்கம். மூன்றாவது, சந்தைக்குச் சந்தை ஒரு சதுரம். அதில் பலகை விலையை விட்டுவிட்டு, எடைக்காரர் சொன்ன துண்டு விலையைப் போட்டேன். ஒன்பதணா, எட்டணா, ஏழணா என்று மூன்று ரூபாய்க்கு மேல் மெல்ல இறங்கியது. அதன் அடியில் வண்டிகளைக் கட்டையாக நிறுத்தினேன். அவையும் இறங்கின.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூன்று தாளையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பத்து நாளைக்கு முந்தியே நான் விக்கிறேன்னேன்."

"ஆமாங்க அயித்த. எந் தப்புதான்."

"எவ்வளவு தப்பு?"

"அன்னிக்கு மூணே எட்டு. வர்ற சந்தையில மூணே ஆறுக்கு வித்தா மூட்டைக்கு ரெண்டணா. மொத்தம் பதினேழரை ரூவா."

"ஒம் முக்கா மாசச் சம்பளம்." அத்தை மூன்று தாளையும் வரிசையாக வைத்தார். பிறகு கேட்டார். "சரி, மூணு தாளுக்கு மூணு பேச்சுப் பேசுது. நான் எதக் கேக்குறது?"

"ஒங்களுக்கு எத்தன நாளு இருக்கு?"

"தை முடிய ரெண்டு சந்தைதான் இருக்கு."

"அப்ப சந்தைத் தாளுதான். அமாவாசைத் தாளுல அடுத்த புள்ளி விழுறவரைக்கும் காத்திருக்க ஒங்களால முடியாது. நாள் தாளு சாமிக்குப் போட்டது."

இரண்டு சந்தைகளுக்கு நடுவில் தை அமாவாசை வந்தது. அதற்கு மறுநாள் பலகை இறங்கும். இறங்கியதும், என் கோட்டை நம்பிப் பிடித்து வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஆகவே இரண்டாவது சந்தை அத்தைக்குக் கிடையாது. இருந்தது ஒன்றுதான்.

அந்தச் சந்தை நாள் மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு அத்தையோடு மண்டிக்குப் போனேன். காலையில் போக முடியாது. கைம்பெண் முகத்தில் போணி செய்யமாட்டார்கள். பலகையில் நாலு ரூபாய் மூன்றணா. என் கோட்டின் கீழே பத்துப் பன்னிரண்டு சம்சாரிகள் வெற்றிலை போட்டுக்கொண்டு, விற்காமல், சுகமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிக்கு வித்துருவோம் கொழுந்தனாரே" என்றார் அத்தை.

மாமாவுக்கு அதிர்ச்சி. "நாலே மூணு போட்டிருக்கு மதினி. அமாவாசை போகட்டும், நாலே எட்டு பாக்கலாம்."

"அப்ப நாலே மூணுக்கு நீங்களே எடுத்துக்கங்க. நூத்தி நாப்பதும்."

வெற்றிலை மெல்லும் சத்தம் நின்றது. மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அது போணி வெலை மதினி."

"அப்பப் பலகையில போணின்னு எழுதுறது."

விருதுநகர் வியாபாரியின் ஆள் ஒருவர் அங்கே இருந்தார். வழக்கப்படி துண்டை விரித்துக் கையை நீட்டப் போனவர், எதிரில் நிற்பது அத்தை என்று உறைத்ததும் கையை இழுத்துக்கொண்டார். பெண்பிள்ளையின் விரலைத் துண்டுக்கு அடியில் எப்படிப் பிடிப்பது? எந்தப் பெண்ணும் அங்கே தன் சரக்கைத் தானே பேசியதில்லை. மாமா தன் கையை நீட்டினார். அத்தை தடுத்துவிட்டார்.

"வெரல் எதுக்கு? வாயிருக்கு. என்ன வெலைக்கு எடுக்குறீங்க, சொல்லுங்க."

அந்த ஆள் சுற்றும் முற்றும் பார்த்தார். விலையை வாயால் சொல்வது அந்த இடத்தில் வேட்டியை அவிழ்ப்பதற்குச் சமம். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மூணே நாலு."

"மூணே ஆறு."

"கட்டாதும்மா. ஈரச் சரக்கு."

"ஈரமா? கையை விட்டுப் பாத்துட்டு அந்தப் பேச்சப் பேசுங்க."

அவர் விடவில்லை. மூணே நாலரை என்றார். அத்தைக்கு முகம் இறுகியது. அவர்களுடைய ரயில் வேகனைப் பற்றிக் காலையிலேயே ஸ்டேஷனில் விசாரித்து வந்திருந்தேன். வண்டி நோட்டு கையில் இருந்தது.

"ஒங்க வேகன் முந்தாநாள்லேருந்து ஸ்டேஷன்ல நிக்குதுங்களே" என்றேன். "பாதிகூட ரொம்பல. போன சந்தையில எல்லாருக்குமாச் சேந்து பதினாலு வண்டிதான் போச்சு. இன்னிக்கு இதுவரைக்கும் ஆறு. இங்க ஒக்காந்திருக்குறவங்க யாரும் இன்னிக்கு விக்கப் போறதில்ல. வேகன ரொப்ப ஒரே எடத்துல நூத்தி நாப்பது மூட்டை வேற எங்க இருக்கு?"

அவர் மாமாவைப் பார்த்தார். "யாருங்க இது?"

"டீச்சர்" என்றார் மாமா, வியாதியின் பெயர் சொல்வது போல.

மூன்று ரூபாய் ஆறணாவுக்கு முடிந்தது. எடைக்காரர் ஒவ்வொரு மூட்டையாக ஏற்றி இறக்கினார். நான் பக்கத்திலேயே நின்றேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் காதால் கேட்டார்கள், மூணே ஆறு என்று, பட்டப்பகலில், இரண்டு தடவை. இனியாவது எழுந்து போய் விற்பார்கள் என்று நினைத்தேன். ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"அது கைம்பொண்ணு வெலை. அதப் பாத்து நாம எறங்கக் கூடாது."

மற்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு என் கோட்டை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். நூற்று நாற்பது மூட்டை போன விலை விலையில்லை. ஒரு மூட்டை போன விலை விலை. நான் கோபப்படவில்லை. மூன்று வாரம் நானும் அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருந்தேன். வெற்றிலை போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தை அமாவாசைக்கு மறுநாள் பலகையில் மூன்று ரூபாய் இரண்டணா. அடுத்த சந்தையன்று ஜன்னலில் நின்று ஐம்பத்துமூன்று வண்டி எண்ணினேன்; மணி அடித்த பிறகும் வந்துகொண்டிருந்தன. மத்தியானத் துண்டு விலை மூன்று ரூபாய்க்குக் கீழே போய்விட்டது என்று எடைக்காரர் சொன்னார். மாமாவின் சொந்தச் சரக்கும் அந்த விலைக்குத்தான் போயிற்று.

அந்த வாரம் மாமா என் தாளை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டி, வண்டிக்காரரிடம் கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார். நான் அன்று அங்கேதான் இருந்தேன். கூடவே சொல்லியனுப்பியிருந்த செய்தியை வண்டிக்காரர் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"பழைய கோட்டோட சேத்துப் போட வேண்டாமாங்க. எறக்கமாத் தெரியுமாம். புதுத் தாளு ஒண்ணு எடுத்து, இன்னையிலேருந்து ஆரம்பிச்சுக் குடுப்பீகளாம்."

சுருளைக் கையில் வாங்கிக்கொண்டேன். அப்போது கிணற்றடியில் வேலை நடந்துகொண்டிருந்தது. எஞ்சின் இரண்டு நாளைக்கு முன் திருமயத்திலிருந்து வந்து இறங்கியிருந்தது. அத்தை அதற்கு நேரம் பார்த்து, மாலை போட்டு, சந்தனம் பூசி, அரை நாளை வீணாக்கிவிட்டுத்தான் சுற்றவிட்டார். எஞ்சின் ஓடியது, ஆனால் பம்பிலிருந்து குழாய் சேருகிற வாயில் தண்ணீர் பீறியது. மில்லிலிருந்து வந்த ஃபிட்டர் மரையை எவ்வளவு முறுக்கியும் நிற்கவில்லை.

"நடுவுல வைக்க வாஷர் வெட்டணும்மா. கனத்த தாளு ஏதாச்சும் இருந்தாக் குடுங்க. எண்ணெயில ஊற வச்சுப் போட்டாச் சிக்குன்னு பிடிக்கும்."

என் கையில் இருந்த தாளைக் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்தார். மையில் சதுரங்கள், சிவப்பில் நாட்கள், நுனியில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு.

"நல்ல தாளா இருக்கேங்க?"

"தாளு நல்ல தாளுதான்" என்றேன்.

குழாயின் வாயை அதன்மேல் வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டு, கத்தரியால் வெட்டி, எண்ணெயில் நனைத்தார். அத்தை குனிந்து பார்த்தார்.

"ஏப்பா, ஏறுற பக்கம் மேல பாத்து இருக்கட்டும். தண்ணி ஏறணும்ல."

ஃபிட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் திருப்பி வைத்து முடுக்கினார். எஞ்சினைச் சுற்றினார்கள். தண்ணீர் குழாய் நிறைய வந்து வாய்க்காலில் விழுந்து மிளகாய்ப் பாத்திப் பக்கம் போயிற்று. இணைப்பில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வட்டம் வெட்டியது போக மீந்த தாளில் ஃபிட்டர் கையைத் துடைத்தார்.